சமோசாட்டாவின் லூசியன்: எல்லாவற்றையும் எள்ளி நகையாடியவரா, எதையாவது நம்பியவரா?

பழஞ்சுவடி எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். கிரேக்க அங்கதம் என்றால் நம்மில் பலருக்கு நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோபனிஸ் பெயர்தான் முதலில் நினைவுக்கு வரும். அவருக்குச் சுமார் 500 ஆண்டுகள் பிற்பட்டவர் லூசியன். ரோமப் பேரரசின் கிழக்கு ஓரத்தில், யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் இருந்த சமோசாட்டா என்ற ஊரில் கி.பி. 120க்கும் 125க்கும் இடையில் அவர் பிறந்திருக்கலாம் என்று கணிக்கிறார்கள். அவர் பெயரில் 80 அளவிலான நூல்கள் கிடைக்கின்றன. அவற்றுள் சில பிறர் எழுதியவை. பெரும்பாலானவை ஒரே அமர்வில் படித்து முடிக்கக்கூடிய சிறு நூல்கள்.

அவருடைய இளமையை அறிய 'கனவு' என்ற உரை உதவுகிறது. புகழ் பெற்ற பின் சொந்த ஊர் மக்கள் முன் அவர் பேசியது அது. பள்ளியில் எழுதுபலகையின் மெழுகைச் சுரண்டி எடுத்து மாடு, குதிரை, மனிதன் என்று உருவங்கள் செய்வதும், அதற்காக ஆசிரியர்களிடம் அடி வாங்குவதும் சிறுவனுக்கு வழக்கம். மேற்படிப்புக்குச் செலவாகும், வீட்டில் வசதியில்லை. கையில் திறமை இருக்கிறது என்பதால், சிற்பியான தாய்மாமனிடம் தொழில் பழக அனுப்புகிறார்கள். முதல் நாள். மாமன் உளியைக் கையில் கொடுத்து, கிடந்த கற்பலகையில் மெல்லத் தட்டச் சொல்கிறார். நன்றாகத் தொடங்கினால் பாதி முடிந்த மாதிரி என்று பழமொழியும் சொல்கிறார். சிறுவன் ஓங்கி அடிக்க, பலகை உடைகிறது. மாமன் பக்கத்தில் கிடந்த தடியை எடுக்கிறார். பையன் அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடி, உடம்பிலிருந்த தழும்புகளைக் காட்டி, நான் தன்னை மிஞ்சிவிடுவேன் என்ற பொறாமையில்தான் மாமா அடித்தார் என்கிறான். தாய் தன் தம்பியையோ அண்ணனையோ வாய்க்கு வந்தபடி திட்டுகிறாள். அன்றிரவு சிற்பக்கலையும் கல்வியும் இரு பெண்களாகக் கனவில் வந்து, ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து அவனை இழுக்கிறார்கள். அவன் கல்வியின் பக்கம் போகிறான்.

அதன் பின் அயோனியா (இன்றைய துருக்கியின் மேற்குக் கரை), கிரீஸ், இத்தாலி, கால் நாடு (இன்றைய பிரான்ஸ்) என்று சுற்றிச் சொற்பொழிவாளராகப் பொருள் ஈட்டி, 40 வயதையொட்டி மேடைப் பேச்சை விட்டு, உரையாடல் வடிவத்துக்கு மாறினார். பிளேட்டோவின் தத்துவ உரையாடலையும் பழைய நகைச்சுவை நாடகத்தையும் அவர் ஒன்றாகப் பிணைத்தார். அதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை என்று அவரே பெருமைப்பட்டுக்கொள்கிறார்.

என் கேள்வி இதுதான். லூசியன் எதையும் நம்பாமல் எல்லாவற்றையும் நையாண்டி செய்தார் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிறருடைய அச்சத்தை விற்றுப் பிழைப்பவர்கள் மீது அவருக்கு உண்மையான கோபம் இருந்தது. அந்தக் கோபத்திலிருந்துதான் அவருடைய நல்ல நூல்கள் எல்லாம் பிறந்தன என்பது என் கருத்து. உங்கள் எண்ணங்களை அறிய விரும்புகிறேன்.

மறுவாசிப்பு எழுதியது:

நல்ல தொடக்கம், ஐயா. ஆனால் வாழ்க்கை வரலாறு என்று நீங்கள் தந்திருப்பது முழுவதும் லூசியன் வாய்மொழி என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அக்காலச் சொற்பொழிவாளர்களின் வாழ்க்கையைத் தொகுத்து எழுதிய பிலோஸ்ட்ராட்டஸ் இவர் பெயரைக் குறிப்பிடவே இல்லை. சமகாலத்தவரில் மருத்துவர் காலென் மட்டுமே இவரைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறார். அதுவும் அவர் நூலின் அரபு மொழிபெயர்ப்பு வழியாகத்தான் நமக்குக் கிடைத்தது. லூசியன் பொருளற்ற ஒரு நூலை எழுதி, அது பழைய தத்துவவாதி ஹெராக்ளிட்டஸ் எழுதியது என்று சொல்லிப் பரப்பி, பெயர் பெற்ற ஒரு தத்துவவாதி அதற்கு உரை சொல்ல வைத்து, பின்பு குட்டை உடைத்தார் என்பது அந்தச் செய்தி. பத்தாம் நூற்றாண்டின் சூடா அகராதி இவரைத் தெய்வநிந்தனை செய்தவர் என்றும் நாய்கள் கடித்துக் குதறி இறந்தார் என்றும் எழுதுகிறது. கிறித்தவர்களைப் பற்றி அவர் எழுதியதற்கான வசையாகத்தான் அதைக் கொள்ள வேண்டும். வரலாறாகக் கொள்ள இயலாது.

'கனவு' உரையையும் அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம். இளம் ஹெராக்ளிஸ் முன் அறமும் தீமையும் இரு பெண்களாக வந்து நின்று, தத்தம் வழிக்கு அழைக்கும் காட்சி சாக்ரடீஸின் மாணவரான செனபோன் எழுத்தில் முன்பே உண்டு. அவையில் இருந்த படித்தவர்கள் எல்லோரும் அறிந்த காட்சி அது. லூசியன் அதை எடுத்துத் தனக்குப் பொருத்திக்கொள்கிறார். மாமன் இருந்திருக்கலாம், கல் உடைந்திருக்கலாம். கனவு மட்டும் நூலகத்திலிருந்து வந்தது.

கல்லும்உளியும் எழுதியது:

இலக்கியம் படித்தவன் அல்லன் நான். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கல்வேலை. அந்தக் கல் உடைந்த செய்தியைப் பற்றி மட்டும் ஒன்று சொல்கிறேன். புதிதாக உளி பிடிக்கும் எவரும் செய்யும் முதல் தவறு அதுதான். உளியைச் சாய்த்துப் பிடித்து, மணிக்கட்டிலிருந்து சிறிது சிறிதாகத் தட்ட வேண்டும். பழகாத கை உளியை நேராக நிறுத்தித் தோளிலிருந்து அடிக்கும். கனம் குறைந்த பலகை என்றால் உடனே பிளந்துவிடும். பெரியப்பாவிடம் நானும் அப்படி ஒரு பலகையை உடைத்து அடி வாங்கினேன். எனக்கு அப்போது பத்து வயது. கனவு கற்பனையாக இருக்கட்டும், மறுவாசிப்பு அம்மா. அந்த உளியைப் பிடித்த கை கற்பனை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பழஞ்சுவடி எழுதியது:

கல்லும்உளியும் ஐயாவுக்கு மிக்க நன்றி. இந்த நூலைப் பற்றி நான் படித்த விளக்கங்கள் எதிலும் இந்தக் கண்ணோட்டம் இல்லை.

மறுவாசிப்பு அம்மா எழுப்பிய ஐயம் நியாயமானது. லூசியன் தன்னைப் பற்றிச் சொல்வதை எல்லாம் நம்ப வேண்டியதில்லை. ஆயினும் அவர் சொன்னதற்கு மண்ணுக்கடியிலிருந்து சான்று கிடைத்த இடம் ஒன்று உண்டு. 'அலெக்சாந்தர் அல்லது பொய்த் தீர்க்கதரிசி' என்ற நூல் அது. என் கருத்து முழுவதும் அந்த நூலின் மேல்தான் நிற்கிறது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கருங்கடலின் தென்கரையில் அபோனோட்டைக்கஸ் என்று ஒரு சிற்றூர். இன்றைய துருக்கியில் அதன் பெயர் இனெபோலு. அவ்வூர்க்காரனான அலெக்சாந்தர், உயரமும் அழகும் குரல்வளமும் கொண்டவன். அவனும் அவனுடைய கூட்டாளியும் கால்கெடான் நகரின் அப்பல்லோ கோவிலில் வெண்கலத் தகடுகளைப் புதைத்து வைத்து, பின்பு 'கண்டெடுக்கிறார்கள்'. மருத்துவத் தெய்வமான அஸ்கிளீபியஸ் அபோனோட்டைக்கஸில் குடியேறப் போகிறார் என்று அவற்றில் எழுதியிருக்கிறது. ஊர் மக்கள் கோவிலுக்கு அடித்தளம் தோண்டத் தொடங்குகிறார்கள். ஓர் இரவு அலெக்சாந்தர் அந்தக் குழிக்குப் போகிறான். உள்ளீடு எடுத்த வாத்துமுட்டைக்குள் ஒரு பாம்புக்குட்டியை வைத்து, மெழுகும் ஈய வெள்ளையும் கொண்டு ஓட்டை ஒட்டி, சேற்றுக்குள் புதைக்கிறான். மறுநாள் காலை பொன்னிறக் கச்சை மட்டும் கட்டிக்கொண்டு சந்தைவெளியில் ஓடிவந்து, கூட்டம் பார்த்திருக்க முட்டையை எடுத்து உடைக்கிறான். பாம்பு அவன் விரலில் சுற்றிக்கொள்கிறது.

சில நாள் கழித்து, இருட்டறையில், பெரிய பாம்பொன்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அதன் உண்மையான தலையைக் கக்கத்தில் மறைத்து, துணியால் செய்து வண்ணம் தீட்டிய, மனித முகச் சாயல் கொண்ட தலையைத் தாடிப் பக்கம் வெளியே காட்டுகிறான். குதிரைமயிரை இழுத்தால் அந்த வாய் திறக்கும், மூடும். கிளைகோன் என்று அந்தத் தெய்வத்துக்குப் பெயர். கொக்கின் மூச்சுக்குழல்களை ஒன்றோடொன்று பொருத்தி, தலைக்குள் செலுத்தி, வெளியே நின்று ஒருவன் பேசினால் தெய்வமே பேசும். முத்திரையிட்ட ஓலைச்சுருளில் கேள்வியை எழுதிக் கொடுத்தால், முத்திரை உடையாமல் விடை எழுதி வரும். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் மெழுகை அடியில் உருக்கித் திறப்பதையும், முத்திரையைப் படியெடுக்கும் முறைகளையும் லூசியன் ஒவ்வொன்றாக விளக்குகிறார். ஒரு கேள்விக்கு 1 திராக்மா 2 ஒபோல் (கிரேக்கக் காசுகள்) கட்டணம். ஆண்டுக்கு 70,000, 80,000 என்று வருமானம் வந்ததாம்.

இது ஊர்ப்புறத்து ஏமாற்று என்று விட்டுவிட முடியாது. ருட்டிலியானஸ் என்ற ரோமப் பெருமகன் இதில் விழுந்து, 60 வயதில், நிலவுத்தெய்வம் அலெக்சாந்தருக்குப் பெற்றதாகச் சொல்லப்பட்ட பெண்ணை மணந்தார். பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸ் டான்யூப் ஆற்றங்கரையில் போரிட்டபோது, இரண்டு சிங்கங்களை ஆற்றில் விட்டால் வெற்றி கிட்டும் என்று குறி வந்தது. சிங்கங்கள் நீந்தி அக்கரை சேர்ந்தன; அங்கே பகைவர்கள் அவற்றை ஏதோ அயல்நாட்டு நாயோ ஓநாயோ என்று எண்ணித் தடியால் அடித்துக் கொன்றார்கள். தொடர்ந்து நடந்த போரில் ரோமர் தரப்பில் ஏறத்தாழ 20,000 பேர் மாண்டதாக லூசியன் எழுதுகிறார். பெருங்கொள்ளைநோய் வந்தபோது, நோயின் மேகத்தை அப்பல்லோ விலக்குவார் என்ற ஒற்றை வரியை மக்கள் வீட்டு வாசலில் எழுதிவைத்தார்கள். அந்த வரியை நம்பி எச்சரிக்கையைக் கைவிட்ட வீடுகளே குறிப்பாகக் காலியாயின என்று அவர் எழுதும் இடத்தில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை.

லூசியன் நேரிலேயே அங்கே போனார். முத்தமிட நீட்டிய கையைக் கடித்தார். அலெக்சாந்தர் அதைப் பொறுத்துக்கொண்டு, நட்புப் பாராட்டி, ஊர் திரும்பக் கப்பலும் ஏற்பாடு செய்து கொடுத்தான். நடுக்கடலில் மாலுமி அழுதுகொண்டே ஆட்களோடு வாக்குவாதம் செய்கிறார். உங்களைக் கடலில் தள்ளச் சொல்லி எங்களுக்கு உத்தரவு. 60 ஆண்டு பழியின்றி வாழ்ந்தவன், பிள்ளைகுட்டிக்காரன், இந்த வயதில் கையைக் கறைப்படுத்த மாட்டேன் என்று சொல்லி, அவரைக் கரையில் இறக்கிவிடுகிறார். வழக்குத் தொடரலாம் என்று போனால், மாநில ஆளுநர், ருட்டிலியானஸின் நட்பு இருக்கும்வரை குற்றம் மெய்ப்பட்டாலும் தண்டிக்க இயலாது என்று தடுத்துவிடுகிறார்.

அலெக்சாந்தர் என்ற இந்த ஆளை லூசியனைத் தவிர வேறெந்தப் பழைய எழுத்தாளரும் குறிப்பிடவில்லை. வெறும் கதை என்று ஒதுக்கியிருக்கலாம். ஆனால் அபோனோட்டைக்கஸ் வெளியிட்ட காசுகளில் அந்தப் பாம்பு இருக்கிறது. 1962இல் ருமேனியாவின் கான்ஸ்டான்சாவில், புதைத்து வைக்கப்பட்ட சிலைகளுக்கிடையே, மனிதக் கூந்தல் கொண்ட பாம்புச் சிலை ஒன்று முழுதாகக் கிடைத்தது. கொள்ளைநோய் வரியின் ஒரு பகுதி பொறித்த கல்வெட்டு அந்தியோக்கியாவில் கிடைத்திருக்கிறது.

கடல்வழி எழுதியது:

அதே நூலில் நம் பக்கத்துக் கடலைத் தொடும் செய்தி ஒன்று இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. அபோனோட்டைக்கஸ் இருந்த பாப்லகோனியா நாட்டார் ஒருவர் தம் மகனை அலெக்சாந்திரியாவில் படிக்க வைத்திருந்தார். அவன் நைல் வழியே செங்கடல் முனையிலுள்ள கிளிஸ்மா வரை போய், அங்கே புறப்படத் தயாராக நின்ற கப்பலில் மற்றவர் தூண்டுதலால் ஏறி, இந்தியா போய்விடுகிறான். பல நாள் ஆகியும் காணாததால், உடனிருந்த அடிமைகள் அவன் இறந்துவிட்டான் என்று எண்ணி ஊர் திரும்புகிறார்கள். தந்தை குறி கேட்க, அடிமைகளே கொன்றார்கள் என்று அலெக்சாந்தர் சொல்லிவிடுகிறான். ஆளுநர் அவர்களை விலங்குகளுக்கு இரையாக்குகிறார். பின்பு பையன் உயிரோடு வந்து சேர்கிறான்.

அவன் எந்தத் துறைமுகத்தில் இறங்கினான் என்று லூசியன் சொல்லவில்லை. நாமாக முசிறி என்று எழுதிவிடக் கூடாது. ஆனால் யவனர் கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் முசிறியை அகநானூறு பாடிய அந்தக் கடல்வழியில்தான் இந்தக் கதையும் நடக்கிறது. நமக்கு அந்த வாணிகம் பெருமைக்குரிய செய்தி. பையன் கடலைக் கடந்து திரும்பிவர எடுத்த காலத்தில், செய்யாத குற்றத்துக்குச் சிலர் உயிர் போனது என்ற பக்கத்தை இந்த நூலில்தான் முதலில் பார்த்தேன். இந்த இடத்தில் லூசியன் காட்டும் சீற்றத்தை யாரும் நடிப்பு என்று சொல்ல மாட்டார்கள். இதை எடுத்துச் சொன்னதற்காக அலெக்சாந்தரின் ஆட்களிடம் கல்லடி படவிருந்த, எபிகூரஸ் என்ற தத்துவவாதியின் வழி வந்த எபிகூரியர் ஒருவரைப் பற்றியும் அங்கேயே எழுதுகிறார்.

மறுவாசிப்பு எழுதியது:

அலெக்சாந்தர் நூலைப் பொறுத்தவரை உங்கள் பக்கம் வந்துவிட்டேன், ஐயா. எனினும் இரண்டு செய்திகளை நீங்கள் தொடவில்லை.

முதலாவது, கூலி. செல்வர் வீட்டில் சம்பளத்துக்கு அமரும் கிரேக்க அறிஞர்களைப் பற்றி அவர் எழுதிய நூலில், தாடி வளர்த்த தெஸ்மோபோலிஸ் என்ற முதிய ஸ்டோயிக் தத்துவவாதி வருகிறார். வீட்டுத் தலைவி தன் சினைநாயைப் பயணத்தில் அவர் மடியில் ஒப்படைக்கிறாள். நாய் அவர் மேலாடைக்குள்ளிருந்து தாடிக்கடியில் தலையை நீட்டுகிறது, மேலே சிறுநீர் கழிக்கிறது, கடைசியில் அந்த ஆடைக்குள்ளேயே குட்டியும் போடுகிறது. இதை எழுதியவர் முதுமையில் எகிப்தின் ரோம நிர்வாகத்தில் சம்பளத்துக்கு அமர்ந்தார். அதற்கு ஒரு தன்னிலை விளக்கமும் எழுதினார்: தனியார் வீட்டு ஊழியம் வேறு, பேரரசின் பொதுப்பணி வேறு என்று. அந்த வாதம் எனக்கு முழு நிறைவு தரவில்லை.

இரண்டாவது, பெரெக்ரினஸ். சில காலம் கிறித்தவராகவும் பின்பு உடைமைகளைத் துறந்து வாழும் சினிக் துறவியாகவும் வாழ்ந்த இவர், 165ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழாவில், முன்கூட்டியே அறிவித்துவிட்டுத் தீக்குளித்தார். சாவைப் பொருட்படுத்தாதிருக்கக் கற்பிக்கிறேன் என்றார். பக்கத்தில் நின்ற லூசியன் சிரிக்கிறார். வறுபட்ட கிழவனைப் பார்த்துக்கொண்டு புகை நாற்றத்தை மூக்கில் ஏற்றிக்கொள்வது இன்பமான காட்சியன்று, வாருங்கள் போகலாம் என்கிறார். அதே பெரெக்ரினஸை ஏதென்ஸ் நகருக்கு வெளியே ஒரு குடிசையில் போய்ப் பார்த்த ஆலுஸ் கெல்லியஸ் என்ற ரோமர், கண்ணியமும் உறுதியும் உள்ள மனிதர் என்று எழுதியிருக்கிறார். இருவரும் ஒருவரையே பார்த்தார்கள். ஏமாற்றுக்காரனையும் பற்றுறுதியுள்ளவரையும் பிரித்துப் பார்க்கும் கண் லூசியனுக்கு இருந்ததா என்று இந்த நூலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஐயம் எழுகிறது.

நிகண்டு எழுதியது:

பெரெக்ரினஸ் பற்றிய விடையைப் பழஞ்சுவடி ஐயா சொல்லட்டும். நான் மொழியைப் பற்றிச் சிறிது எழுதுகிறேன். அதைப் பார்க்காமல் இவருடைய கூர்மை எங்கிருந்து வந்தது என்று விளங்காது.

லூசியனின் தாய்மொழி அராமேயமாக இருந்திருக்கும் என்பது பொதுவான கருத்து. 'இருமுறை குற்றம் சாட்டப்பட்டவர்' என்ற நூலில் சொல்லணிக்கலை என்ற பெண், இவன் அயல்நாட்டுப் பேச்சோடு, ஏறக்குறைய அசீரிய மேலங்கி போட்டுக்கொண்டு அயோனியாவில் திரிந்தபோது நான்தான் சேர்த்துக்கொண்டேன் என்று முறையிடுகிறாள். அப்படி வந்தவர், தம் காலத்துக்கு 500 ஆண்டு முற்பட்ட ஏதென்ஸ் நடையைப் பயின்று, கிரேக்கரே வியக்க எழுதினார். அந்த நடையில் ஒரு சொல் பிசகினால் போதும், அவையில் மானம் போய்விடும். ஒருநாள் காலையில் பெரிய மனிதர் ஒருவரை வணங்கும்போது, வரும்போது சொல்ல வேண்டிய சொல்லுக்குப் பதிலாக, விடைபெறும்போது சொல்லும் சொல்லைச் சொல்லிவிட்டார். வியர்த்து, முகம் சிவந்து நின்றதாக அவரே எழுதுகிறார். பின்பு ஹோமர், பிளேட்டோ, எபிகூரஸ் எல்லோரையும் சாட்சிக்கு அழைத்து ஒரு கட்டுரையே எழுதினார்.

படித்தவர்போல் வேடமிடுபவர்கள் மேல் அவருக்கு ஏன் அவ்வளவு வெறுப்பு என்பதற்கு விடை இங்கே இருப்பதாக நினைக்கிறேன். பிறர் பிறப்பால் பெற்றதை அவர் ஒவ்வொரு சொல்லாக உழைத்துப் பெற்றவர். அதனால்தான், படிக்காமலே நூல்களை வாங்கிக் குவிக்கும் பணக்காரனுக்கு அவர் எழுதிய வசைநூலில் அத்தனை சூடு.

ஊர்ப்பற்றும் குறையவில்லை. ரோமருக்கும் ஈரானை ஆண்ட பார்த்தியருக்கும் நடந்த போரைப் பற்றி அரைகுறையாக எழுதியவர்களை 'வரலாறு எழுதுவது எப்படி' என்ற நூலில் கண்டிக்கும்போது, ஒருவர் என் ஊரான சமோசாட்டாவைக் கோட்டை மதிலோடு பெயர்த்துக்கொண்டுபோய் யூப்ரடீஸ், டைகிரிஸ் ஆகிய இரண்டு ஆறுகளுக்கும் நடுவே வைத்துவிட்டார் என்று மனம் நொந்து எழுதுகிறார். அந்தப் பழைய ஊர் இன்று அத்தாதுர்க் அணையின் நீருக்கடியில் இருக்கிறது.

புதுவரவு எழுதியது:

எல்லாப் பதிவுகளையும் படித்தேன். நான் இதுவரை லூசியனைப் படித்ததில்லை. எந்த நூலிலிருந்து தொடங்கலாம் என்று பெரியவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பழஞ்சுவடி எழுதியது:

தம்பி, பலரும் 'உண்மைக் கதை'யைத்தான் முதலில் பரிந்துரைப்பார்கள். சுழற்காற்றில் கப்பல் நிலவுக்குப் போவதும், விடிவெள்ளியில் குடியேறும் உரிமைக்காக நிலவும் சூரியனும் போரிடுவதும் அதில் வருகின்றன. நான் சொல்வதில் ஒன்றே ஒன்று உண்மை, அது நான் பொய் சொல்கிறேன் என்பது என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுகிறார். கெப்ளர் போன்ற வானியலாளரும் விரும்பிப் படித்த நூல் அது. இருந்தாலும் உங்களுக்கு நான் 'இக்காரோமெனிப்பஸ்' தருவேன். மெனிப்பஸ் என்ற சினிக் தத்துவவாதி ஒரு தோளில் கழுகின் சிறகும் மறுதோளில் பிணந்தின்னிக் கழுகின் சிறகும் கட்டிக்கொண்டு வானுலகம் போகிறான். அங்கே தெய்வங்களின் தலைவரான சீயஸ் வேண்டுதல்களைக் கேட்கும் இடத்துக்கு அழைத்துச் செல்கிறார். கிணற்று வாய்போல் வரிசையாகத் துளைகள், ஒவ்வொன்றுக்கும் மூடி, பக்கத்தில் பொன் நாற்காலி. மூடியைத் திறந்தால் மண்ணுலகின் குரல்கள் மேலே வரும். எனக்கு அரசாட்சி கொடு. என் வெங்காயமும் பூண்டும் விளையட்டும். என் அப்பன் சீக்கிரம் சாகட்டும். ஒரு மாலுமி வடகாற்று கேட்கிறான், இன்னொருவன் தென்காற்று. உழவன் மழை கேட்கிறான், வண்ணான் வெயில் கேட்கிறான். இருவர் நேரெதிரான வேண்டுதல்களை ஒரே அளவு காணிக்கையோடு வைத்தபோது, யாருக்குத் தலையசைப்பது என்று தெரியாமல் சீயஸ் திகைத்துப்போகிறார். வேண்டிக்கொள்கிறவர்களை இந்தப் பகுதியில் லூசியன் இழிவு செய்யவில்லை. வெங்காயம் கேட்டவன் மேல் அவருக்குப் பரிவுதான்.

மறுவாசிப்பு அம்மா, எகிப்துச் சம்பளத்துக்கு நான் வாதாடப் போவதில்லை. அந்த விளக்கத்தில் வலு குறைவுதான். தீக்குளித்தவரைப் பார்த்துச் சிரித்ததிலும் கொடுமை இருக்கிறது. கெல்லியஸின் சாட்சியத்தை நானும் மறந்துவிட்டுத்தான் இத்தனை நாள் அந்த நூலைப் புகழ்ந்துகொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்த நூலின் இறுதிப் பகுதியை மட்டும் இன்னொரு முறை படியுங்கள். தீ அணைந்து திரும்பும் வழியில், தாமதமாக வந்தவர்கள் என்ன நடந்தது என்று லூசியனைக் கேட்கிறார்கள். அறிவுள்ளவர்களுக்கு நடந்ததை நடந்தபடி சொல்கிறார். வாய் பிளந்து கேட்பவர்களுக்கு மட்டும், நெருப்பு எரிந்தபோது நிலம் அதிர்ந்தது, நடுவிலிருந்து ஒரு பிணந்தின்னிக் கழுகு பறந்து, மண்ணுலகை விட்டேன், ஒலிம்பஸ் போகிறேன் என்று மனிதக் குரலில் உரக்கச் சொல்லிச் சென்றது என்று தாமே புனைந்து சொல்கிறார். அவர்கள் உடல் சிலிர்த்து, அது கிழக்கே பறந்ததா மேற்கே பறந்ததா என்று கேட்கிறார்கள். விழாக்கூட்டத்துக்குத் திரும்பினால், நரைத்த தலையும் தாடியும் நம்பத்தக்க முகமுமாக ஒரு பெரியவர் நின்று பேசிக்கொண்டிருக்கிறார். எரிந்த பின் பெரெக்ரினஸை வெள்ளாடையில் பார்த்தேன், தலையில் ஆலிவ் மாலையோடு மண்டபத்தில் நடந்துகொண்டிருந்தார், அந்தக் கழுகு நெருப்பிலிருந்து பறந்ததையும் இந்தக் கண்ணால் கண்டேன் என்று அவர் சத்தியம் செய்கிறார்.

மறுவாசிப்பு எழுதியது:

இன்றிரவே எடுத்துப் படித்தேன், ஐயா. அந்தப் பெரியவரைப் பொய்யர் என்று லூசியன் எங்குமே சொல்லவில்லை. சற்று முன் நான் பறக்கவிட்ட கழுகு என்று மட்டும் எழுதியிருக்கிறார்.